நாற்பத்தாறு சொட்டு

பிப்ரவரி 19, புதன்

இந்த டைரி தேன்மொழிக்கு அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் புது வருசத்துக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் பேர் மட்டும் எழுதியிருக்கிறாள். மற்றதெல்லாம் வெற்றுப் பக்கம். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். பேனா பிடித்துப் பல வருசம் ஆயிற்று. ஆனாலும் எழுதுகிறேன். விடிந்து எழுந்தால் அவளிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். இப்போது சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

தேன்மொழி என் மருமகள். என் மகன் பூபதியின் சம்சாரம். வலங்கைமான் பக்கத்துப் பெண். இங்கே வேலைக்கு வந்த இடத்தில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டார்கள். இரண்டரை வருசம் இந்த வீட்டில் இருந்தாள். இந்த மாசம் இரண்டாம் தேதி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். இருபத்தாறு வயசு.

முந்தா நாள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். குழந்தை இல்லை. அதனால் அவள் கொண்டு வந்த சீர்ப் பாத்திரங்களைப் பங்குனி பிறப்பதற்கு முன்னால் அவள் அம்மா பவுனம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஐம்பத்தொரு உருப்படி. எல்லாவற்றிலும் ‘வெ. தேன்மொழி’ என்று பேர் வெட்டியிருக்கும். “நானே கொண்டு போய்க் குடுக்கறனுங்க” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

தேய்த்துப் பளிச்சென்று கொடுக்க வேண்டும். அவள் வைத்திருந்த கோலத்தில் கொடுத்தால் நமக்குத்தான் கேவலம்.

பிப்ரவரி 21, வெள்ளி

பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். பார்க்கச் சகிக்கவில்லை. எவர்சில்வர் குடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. டம்ளர்களில் சுண்ணாம்பு அடித்த மாதிரி. பேர் வெட்டிய எழுத்துக்குள்ளேயெல்லாம் வெள்ளை ஏறி அடைத்துக்கொண்டிருக்கிறது. படிக்கக்கூட முடியவில்லை. 

இதைத்தான் நான் இரண்டரை வருசமும் சொன்னேன். நான் திட்டியதில்லை. சொல்லிக்கொடுத்தேன். திட்டுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு.

அவள் வந்த பிறகு நான் பாத்திரத்தில் கை வைக்கவில்லை. இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். முதலில் டம்ளர் பன்னிரண்டு. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன், பிறகு கடைப் பொடி போட்டுத் தேய்த்தேன். ஈரத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊற வைக்கப் போனேன். வந்து பார்த்தால் காய்ந்த இடமெல்லாம் மறுபடி வெள்ளைப் புள்ளி.

பொடி சரியில்லை. இப்போது எல்லாவற்றிலும் கலப்படம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வேறு பொடி வாங்கி வரச் சொன்னேன். அதுவும் அப்படித்தான். எலுமிச்சம்பழ மூடி வைத்துத் தேய்த்தால் வெள்ளை போகிறது. குழாயில் அலசிக் கவிழ்த்தால் திரும்ப வருகிறது. எனக்கும் வயசாகிவிட்டது. கை அழுத்தம் பத்தவில்லை போலிருக்கிறது.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. காரியத்தன்று சாப்பாடு முடிந்ததும் பவுனம்மாளைக் காணவில்லை. அழுது மயங்கி எங்கேயாவது கிடக்கிறாளோ என்று தேடினேன். வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இந்த டம்ளர்களைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பறிகொடுத்துப் பதினாறு நாள். சேலைத் தலைப்பு தண்ணீரில் கிடந்தது.

“ஏனுங் சம்பந்தி, இதெல்லாம் நீங்க எதுக்குச் செஞ்சுட்டு” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “எம்மவளுக்கு நா சரியா சொல்லிக் குடுக்கல சம்பந்தி. நீங்க போன்ல சொன்னப்பல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும். மனசுல வச்சுக்காதீங்க” என்றாள்.

“பரவால்லீங், உடுங்க. போனவளைப் பத்தி என்ன பேச்சு” என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

அவள் தேய்த்துத் துடைக்காமல் கவிழ்த்துவிட்டுப் போன டம்ளர்கள்தான் இவை. இவையும் வெள்ளையாகத்தான் இருந்தன. அந்த அம்மாளுக்கும் தேய்க்கத் தெரியாது போல என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நிறைத்தேன். பஞ்சாயத்துக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் ஆற்றுத் தண்ணீர் விடுகிறார்கள். அது குடிக்க மட்டும். சமையலிலிருந்து மற்றதுக்கெல்லாம் வீட்டுப் போர்த் தண்ணீர். இந்த வீட்டில் அது சட்டம். மூடியின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன்.

கல்லை ஏன் வைக்க ஆரம்பித்தேன் என்பது வேறு கதை. இப்போது எடுப்பதற்குத்தான் யாரும் இல்லையே. ஆனாலும் வைத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. தீட்டு.

பூபதி பேசினான். காரியம் முடிந்த பிறகு என்னிடம் அவன் பேசுவது சோறு போதும், தண்ணி வை, இவ்வளவுதான். இன்றைக்கு நான் குழாயடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நின்றான். எலுமிச்சம் புளிப்பில் என் விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது.

“எத்தன தடவதாம்மா அதையே தேய்ப்ப?”

“போக மாட்டீங்குதுடா.”

“போகாது. போர்த் தண்ணீல கழுவுனா அப்படித்தான் இருக்கும்.”

“என்றா பேசற? முப்பது வருசமா இதே ஊட்லதான் கழுவறேன். எனக்கு வராத வெள்ளை அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

“முப்பது வருசம் கெணத்துத் தண்ணீல கழுவுன. போர் எப்பப் போட்டோம்? சொல்லு.”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டரை வருசத்துக்கு முன்னால் ஆவணியில் போட்டோம். கிணறு வற்றிவிட்டது, கல்யாணத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆயிரத்து நூறு அடி போன பிறகு பீச்சிக்கொண்டு வந்தது. ஊரே வந்து பார்த்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தேன்மொழி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

தண்ணீரும் அவளும் ஒரே வாரத்தில் வந்தார்கள். பாத்திரம் வெளுக்க ஆரம்பித்ததும் நான் அவளைத்தான் பார்த்தேன்.

இல்லை. அவனுக்குப் பெண்டாட்டி போன துக்கம். அம்மாவைக் குற்றம் சொல்லத் தோன்றும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 28, வெள்ளி

பூபதி சொல்லி அனுப்பித் தண்ணீர் மெசின் விற்கிறவர் ஒருவர் வந்தார். கழுத்தில் டை. ஒரு கண்ணாடி டம்ளரில் போர்த் தண்ணீரைப் பிடித்து, கம்பிகள் வைத்த ஒரு கருவியை விட்டு, கரண்டில் சொருகினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செங்காவி நிறமாகித் திரிதிரியாகத் திரண்டது.

“பாத்தீங்களாம்மா? இதத்தான் இத்தன நாளாக் குடிச்சுட்டு இருக்கீங்க.”

“இதக் குடிக்கறதில்லீங்க. குடிக்கறது ஆத்துத் தண்ணி.”

அவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. “அதையும் கொண்டாங்க” என்றார். அதில் கம்பியை விட்டார். அதுவும் மஞ்சளாகிக் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துச் சம்பூர்ணம் மோருக்கு வந்தாள். அடுத்த வீதிக்காரி. மகளிர் குழுவில் இருக்கிறாள். பஞ்சாயத்தில் அவளுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். வீதிக்குழாய் ஒவ்வொன்றிலும் பிடித்துப் பார்ப்பாள். அவள் கருவியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“ஏனுங்கண்ணா, கம்பி கரையறதக் காட்டித் தண்ணி கெட்டுப்போச்சுன்னா எப்பிடிங்? கொஞ்சம் உப்பு இருக்கற தண்ணி எதுல உட்டாலும் இப்பிடித்தான் ஆகும். இந்தத் தண்ணீல இருக்கறது அழுக்கில்ல, சுண்ணாம்பு. அது கண்ணுக்குத் தெரியாது.” பிறகு என்னைப் பார்த்தாள். “பாவாயக்கா, ஞாயித்துக்கெழம என்ற பெட்டியக் கொண்டாறேன். சொட்டுப் போட்டுப் பாத்துரலாம்.”

டைக்காரர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

சொட்டுப் போட வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஏன் அப்படி யோசித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

சம்பூர்ணம் காலையிலேயே வந்தாள். பூபதியும் வீட்டில் இருந்தான். சோதனை சின்னதுதான். கோடு போட்ட ஒரு சீசாவில் போர்த் தண்ணீரைக் கோடு வரைக்கும் பிடித்தாள். அதில் ஒரு மருந்தைச் சில சொட்டு விட்டாள். ஒரு சிட்டிகை பொடி போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி ஆனது.

“இப்ப இந்த இன்னொரு மருந்தச் சொட்டுச் சொட்டா உடோணும். செவப்பு மாறி எப்ப நீலமாகுதோ அங்க நிறுத்தோணும். ஒரு சொட்டுக்கு இருபத்தஞ்சு கணக்கு. எட்டுச் சொட்டுல நீலமானா அருமையான தண்ணி. இருவத்தி நாலு வரைக்கும் வேற வழியில்லைன்னாப் பொறுத்துக்கலாம். நீங்களே எண்ணுங்க்கா.”

நான் எண்ணினேன். எட்டு வந்தது, சிவப்பு. பதினைந்து, சிவப்பு. இருபத்து நாலு என்று நான் சொன்னபோது சம்பூர்ணம் சீசாவைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு. முப்பதுக்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பூபதி எண்ண ஆரம்பித்தான். நாற்பத்தாறாவது சொட்டில் நீலமானது.

“ஆயிரத்து நூத்தம்பது” என்றாள் சம்பூர்ணம். “இந்த வீதியிலயே இதுதானுங்க்கா அதிகம். இதுல ஆரு கழுவுனாலும் வெள்ளை போகாது. சோப்பு நொரைக்காது. துணி மொடமொடன்னு ஆயிரும். பருப்பு வேகாது. தலைக்கு ஊத்துனா முடி சிக்குப் புடிச்சுக் கொட்டும்.”

அவள் சொன்ன ஒவ்வொன்றும் நான் தேன்மொழியின் மேல் சொன்ன குறை. பாத்திரம், துணி, பருப்பு, முடி. வரிசைகூட அதேதான்.

பிறகு டிரம் தண்ணீரைக் கேட்டாள். நான் அம்மிக்கல்லை இறக்கி வைத்துவிட்டு மொண்டு கொடுத்தேன். ஐந்து சொட்டு. ஐந்தாவது சொட்டிலேயே நீலம்.

அவர்கள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த வேறு கதையை இனி எழுதாமல் இருக்க முடியாது.

போன தீபாவளிக்கு மறுநாள். ஒறம்பரை வந்திருந்தார்கள், என் தம்பி குடும்பம், அவன் சம்பந்திகள், பதினைந்து பேர். காபி ஊற்ற டம்ளர் எடுக்கச் சொன்னேன். நேரமாகிறதே என்று அடுப்படிக்குள் போனால் தேன்மொழி நல்ல தண்ணீர் டிரம்மைத் திறந்து ஒரு சொம்பு மொண்டு டம்ளர்களை அலசிக்கொண்டிருந்தாள். குடிக்கிற தண்ணீரில் பாத்திரம்.

சொம்பைப் பிடுங்கினேன். “திருட்டுப் புத்தி எங்கிருந்துடி வந்துச்சு? ஊருக்குள்ள தண்ணிக்கு அடிச்சுக்கறாங்க, நீ எச்சிப் பாத்திரத்துல ஊத்தற” என்று கத்தினேன். ஆசாரக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள். “ஒரு சொம்புதான் அத்தை. கடைசியா இதுல அலசுனா வெள்ளை வராது. நா நல்லாத்தான் தேய்க்கிறேன் அத்தை. தண்ணிதான்.”

“தேய்க்கத் தெரியாதவளுக்குத் தண்ணி கோணலாக்கும்” என்றேன். என் தம்பி பெண்டாட்டி சிரித்தாள். நான் அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவற்றை எழுத மாட்டேன்.

அன்று மத்தியானமே பவுனம்மாளுக்குப் போன் போட்டேன். பொண்ண வளத்த லட்சணத்தைக் கேட்டேன். கடைசியில் “சொல்றேன் சம்பந்தி, நா அவகிட்ட சொல்றேன்” என்றாள்.

அன்று முதல் டிரம் மூடியின் மேல் அம்மிக்கல்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. சொட்டுப் போடாமலே, எண்ணாமலே தெரிந்திருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

டவுனிலிருந்து ஒரு பெரியவரைச் சம்பூர்ணம் கூட்டி வந்தாள். பெரிய கடை எல்லாம் இல்லை, வீடு வீடாகப் போய்ப் பொருத்துகிறவர். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகுமா என்று கேட்டேன். பாதிச் சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் படியும், மீதி தண்ணீரோடேயே இருக்கும் என்றார். சலவைச் சோடா போடலாமா என்றேன். துணிக்குச் சரி, பாத்திரத்துக்கும் உடம்புக்கும் ஆகாது என்றார். டைக்காரர் விற்க வந்த மெசின் குடிக்கிற தண்ணீருக்கு உள்ளது, அதில் வீடு முழுக்கக் கழுவ முடியாது, பாதித் தண்ணீர் வீணாகும் என்றார்.

“உங்களுக்கு மெதுவாக்கிதானுங்க சரி, இங்கிலீசுல சாஃப்ட்னர்ம்பாங்க” என்றார். ஆளுயரத்தில் ஒரு தொட்டி. உள்ளே கடுகு கடுகாக மஞ்சள் மணி நிறைத்திருக்கும். தண்ணீர் அதன் வழியாக வரும்போது சுண்ணாம்பை அந்த மணி பிடித்து வைத்துக்கொள்ளும். மணி நிறைந்துபோனால் கல்லுப்பைக் கரைத்து உள்ளே விட்டு அலச வேண்டும். பிறகு மறுபடி பிடிக்கும்.

“உப்புத் தண்ணிக்கு உப்பே மருந்துங்களா?” என்றேன்.

“அந்த உப்பு வேற, இந்த உப்பு வேறங்கம்மா. அலசுன தண்ணிய மட்டும் மரத்துப் பக்கம் உட்றாதீங்க, பட்டுப்போகும். வாசல் கொழாய இதுல சேக்க வேண்டாம். மாட்டுக்கும் தென்னைக்கும் நேராப் போர்த் தண்ணியே போகட்டும். குளிக்கற எடம், துணி தொவைக்கற எடம், அடுப்படித் தொட்டி, மூணுக்கும் மெதுவாக்கி.”

பூபதி எழுந்து அடுப்படிக்குப் போய், அலமாரியில் மூன்றாம் தட்டில் இருந்த டப்பாக்களை நகர்த்தி, நான் கீழே விரித்திருந்த காகிதத்தை உருவிக்கொண்டு வந்தான். எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அதில் இதே மாதிரித் தொட்டியின் படம் இருந்தது.

“ரண்டு வருசத்துக்கு முன்னாடி இதக் கொண்டாந்து காட்டுனேன். அவதான் கேட்டா. நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்குதா?”

இருக்கிறது. காவிரித் தண்ணியில குளிச்ச மகாராணிக்கு எங்கூட்டுத் தண்ணி ஒத்துக்கலையாக்கும், முடிக்கு எண்ணெய் வைக்கத் துப்பில்லாதவளுக்கு மெசின் ஒரு கேடு என்றேன். காகிதம் கெட்டியாக இருக்கிறதே என்று அலமாரிக்கு விரித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேசனுக்கு முன்னால் அவள் தலையை மழித்தார்கள். நர்ஸ் முடியை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தது. கல்யாணத்தன்று இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல். கவரில் ஒரு கைப்பிடிதான் இருந்தது.

மெதுவாக்கி போடச் சொல்லிவிட்டோம். சாமான் வர இரண்டு வாரம் ஆகுமாம்.

மார்ச் 6, வியாழன்

நல்ல தண்ணீர் வந்தது. பழைய தண்ணீர் ஒரு டிரம் அப்படியே மிச்சம் இருந்தது.

அந்தத் தண்ணீரைக் குடம் குடமாக வாசலுக்குச் சுமந்தேன். ஐம்பத்தொரு பாத்திரத்தையும் எலுமிச்சையும் புளியும் போட்டு வெள்ளை போகத் தேய்த்தேன். பிறகு ஒவ்வொன்றையும் ஆற்றுத் தண்ணீரில் அலசினேன். சொம்பு சொம்பாக, கணக்குப் பார்க்காமல். வீதியில் போன நாலு பேர் நின்று பார்த்தார்கள். “பாவாயிக்குப் புத்தி கலங்கிப்போச்சா, குடிக்கற தண்ணியக் கொட்டறா” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும்.

சாயங்காலம் காய்ந்தது. ஒரு புள்ளி இல்லை. ஒவ்வொரு பாத்திரத்திலும் வெ. தேன்மொழி, வெ. தேன்மொழி என்று எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பேரைப் பார்க்கப் பார்க்க முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 8, சனி

நாளைக்குப் போகிறோம். பூபதி குட்டி வேன் சொல்லியிருக்கிறான்.

சொல்லாமலும் கொடுத்துவிட்டு வரலாம். பாத்திரம் பளிச்சென்று இருக்கிறது. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. போனவள் திரும்பி வரப்போவதில்லை. சம்பந்தியின் மனசை எதற்குப் புண்ணாக்க வேண்டும். காலையிலிருந்து இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைப் பூபதிக்கும் சொல்லவில்லை. அவள் கடைசியாக வேலைக்குக் கிளம்பிய காலை. சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு நின்றாள். தலை வலிக்கிறது என்றாள். நான் ஒரு டம்ளரை எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டி, “இதுல ஒரு மனுசி தண்ணி குடிப்பாளா?” என்றேன். அவள் என் கையிலிருந்து வாங்கினாள். அதிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

அவளிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மார்ச் 10, திங்கள்

நேற்று போய்விட்டு வந்தோம்.

வழி நெடுகப் பூபதி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் பின்னால், பாத்திர மூட்டைகளோடு. மேடு பள்ளத்தில் அவை சலசலவென்று உரசிக்கொண்டே வந்தன.

பவுனம்மாளின் வீடு ஓட்டு வீடு. வாசலில் அடிபம்பு. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். பூபதியைப் பார்த்து “வாங்க தம்பி” என்றாள். சாப்பிடச் சொன்னாள். பருப்பு கடைந்து, வாழைக்காய் வறுத்து வைத்திருந்தாள். பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. நான் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டேன்.

பூபதி மூட்டைகளை இறக்கி வைத்தான். பவுனம்மாள் ஒரு டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். விரலால் பேரைத் தடவினாள்.

“வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு சம்பந்தி. ஒங்க கைதான் கை. அதுக்குத்தான் கடைசி வரைக்கும் வரல.”

இந்தப் பேச்சு வராமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை சொல்லாமலே வந்திருப்பேன். அதை ஒளிக்க விரும்பவில்லை.

“என்ற கை இல்லீங்” என்றேன். “தண்ணி. எங்கூட்டுப் போர்த் தண்ணி பூராச் சுண்ணாம்பு. மருந்து ஊத்திப் பாத்தோம். எட்டுச் சொட்டு இருக்க வேண்டிய எடத்துல நாப்பத்தாறு சொட்டு. அதுல ஆரு தேச்சாலும் வெள்ளைதான் வரும். நான் தேச்சும் வந்துச்சு. காரியத்தன்னிக்கு நீங்க தேச்சும் வந்துச்சு. இத நல்ல தண்ணீல அலசிக் கொண்டாந்தேன். உங்க பொண்ணு நல்லாத்தான் தேச்சா. தண்ணிதான் அத்தைன்னு எங்கிட்டச் சொன்னா. நான் அவளத் திருடின்னேன். பதினஞ்சு பேரு முன்னாடி. உங்களுக்குப் போன் போட்டுக் கண்டபடி பேசுனேன். குத்தம் அவ மேல இல்லீங். உங்க வளப்பு மேலயும் இல்லீங். எம்மேல.”

பூபதி வேன் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

பவுனம்மாள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அடிபம்பையே பார்த்தாள்.

“எங்கிட்டயும் சொன்னா” என்றாள்.

“என்னங்?”

“தீவாளிக்கு மறுநா நீங்க பேசி வச்சீங்கல்ல. ஒடனே அவளக் கூப்புட்டேன். ‘தண்ணி சரியில்லம்மா, நா தேய்க்காம இல்ல’ன்னு அழுதா. நா நம்பல. ‘சாக்குச் சொல்லாதடி, மாமியா சொல்றபடி அழுத்தித் தேய்யி, எம்மானத்த வாங்காத’ன்னேன்.” கொஞ்ச நேரம் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். “நீங்க பெரியவங்க, பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் அவ தண்ணியப் பத்தி எங்கிட்டப் பேசவே இல்ல. நல்லா இருக்கேம்மான்னு மட்டுந்தான் சொல்லுவா.”

நான் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. என் வீட்டில் அவளை நம்பவில்லை என்றால் அவளுக்குப் போக ஓர் இடம் இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு போன் போட்டு அந்த இடத்தையும் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

காலில் விழக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். “வேணாம் சம்பந்தி. எம்மேல உள்ள குத்தத்த நா எங்க போயி எறக்கி வைப்பேன்?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கிளம்பும்போது மடியில் இருந்த டம்ளரை என் கையில் வைத்தாள்.

“இது ஒண்ணு அந்த வீட்டுலயே இருக்கட்டும். அந்தத் தண்ணியிலயே கழுவுங்க.”

வாங்கிக்கொண்டேன். வேனில் முன்னால் உட்காரச் சொன்னான் பூபதி.

மார்ச் 23, ஞாயிறு

மெதுவாக்கி பொருத்திவிட்டார்கள். சம்பூர்ணம் வந்து அடுப்படிக் குழாயில் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது சொட்டில் நீலம். துணி சோப்பு ஒரு தேய்ப்புக்கே பொங்கிப் பொங்கி வருகிறது. கையை எவ்வளவு அலசினாலும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. பருப்பு இரண்டு விசிலில் வெந்தது. பூபதி இரண்டாம் தரம் சோறு கேட்டான். பிறகு தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

நல்ல தண்ணீர் டிரம் மேல் இப்போது கல் இல்லை. அம்மியை அதன் இடத்தில் போட்டுவிட்டேன்.

தேன்மொழியின் டம்ளரை மட்டும் வாசல் குழாயில் கழுவுகிறேன். அது மாட்டுக்கும் தென்னைக்கும் போகிற பழைய போர்த் தண்ணீர். தினமும் அதில்தான் நான் தண்ணீர் குடிக்கிறேன். புளி போட்டு, அழுத்தி, எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் கொடுத்துத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறேன்.

இன்று காய்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். ‘தே’யின் சுழிக்குள் வெள்ளை ஏற ஆரம்பித்திருக்கிறது.

நான் நன்றாகத்தான் தேய்த்தேன்.